வந்தியின் பங்கு மண்

சென்ற ஐப்பசியில் ஒரு சாயங்காலம், முக்கால் மணி நேர மழையில், என் வீட்டுமனையில் ஒரு பகுதி பக்கத்து வீட்டு முற்றத்துக்குக் குடிபோய்விட்டது.

மனை பெரிதொன்றும் இல்லை. திருமங்கலத்துக்குத் தெற்கே, செவல் முடிந்து கரிசல் தொடங்குகிற இடத்தில் ஐந்து சென்ட். ரோட்டைவிட இரண்டடி தாழ்வாகக் கிடந்ததால் மூன்றடிக்கு கிராவல் அடித்து மேடாக்கியிருந்தோம். 2178 சதுர அடிக்கு மூன்றடி உயரம் என்றால் ஏறக்குறைய 65 யூனிட். மூன்று யூனிட் பிடிக்கும் டிப்பரில் 22 நடை. அந்த 22 நடையையும் நான் நின்று எண்ணினேன். காசு கொடுக்கிறவன் எண்ணத்தானே செய்வான். மண் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேட்கவில்லை.

மழைக்காலத்துக்கு முன்னால் வானம் தோண்டிவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். (அஸ்திவாரக் குழிக்கு எங்கள் பக்கத்துப் பேர் வானம். பூமிக்குள் இறங்குகிற குழிக்கு யார் இந்தப் பேரை வைத்தார்களோ!) "ஒரு மழை குடிக்கட்டும் சார், மண்ணு இறுகட்டும்" என்றார் கொத்தனார். நான் கேட்கவில்லை. தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவித்தோம். எம்-சாண்ட் ஒரு லோடு அதற்குப் பக்கத்தில். எல்லாம் தளதளவென்று, புல் பூண்டு இல்லாமல், மழைக்குத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். மேட்டின் விளிம்பில் விரல் விரலாக ஓடைகள் அறுத்திருந்தன. சிவப்புச் சேறு பக்கத்து வீட்டு அப்பத்தாவின் முற்றத்தில் கணுக்கால் அளவுக்கு நின்றது. அடுப்படி வாசல், ஆட்டுக் கொட்டில், துளசி வைத்த குடம் எல்லாவற்றிலும் சேறு. அப்பத்தா சண்டை போடவில்லை, அதுதான் சங்கடம். மண்வெட்டியால் சேற்றை ஒதுக்கிக்கொண்டே கேட்டார்.

"ஏப்பா, எங்க வீட்டுச் சுவரு எந்த மண்ணுன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியாது அப்பத்தா."

"நீ மூடுனியே, அந்தப் பள்ளத்து மண்ணுதேன்."

*

அவர் சொன்ன கணக்கு எனக்குப் புரிய ரெண்டு நாள் ஆனது. அவருடைய மாமனார் வீடு கட்டியபோது, மண்ணை எங்கிருந்தும் கொண்டுவரவில்லை. வீட்டுக்குப் பக்கத்திலேயே வெட்டி, குழைத்து, மிதித்து, படைபடையாக ஏற்றிக் காயவிட்டிருக்கிறார்கள். சுவர் உயர உயர பள்ளம் ஆழமாகியிருக்கிறது. வீடு முடிந்தபோது ஓரடி மேட்டில் வீடு, அருகில் ஒரு குட்டை. கூரைத் தண்ணீர், முற்றத்துத் தண்ணீர் எல்லாம் அதில் விழுந்து, கார்த்திகை வரைக்கும் நிற்கும். மிஞ்சினால் ஓடையில் இறங்கி கண்மாய்க்குப் போகும். சுவர் மழையில் கரைந்தால், கோடையில் அதே குட்டையில் காய்ந்து கிடக்கும் வண்டலை வெட்டிப் பூசுவார்கள்.

பிறகு நிலம் கைமாறியது, கல் ஊன்றினார்கள், மனை எண் போட்டார்கள். அந்தக் குட்டையைத்தான் நான் "ரோட்டைவிட ரெண்டடி தாழ்வு, அதனால சென்ட்டுக்குக் கொஞ்சம் கம்மி" என்று பேரம் பேசி வாங்கியிருந்தேன்.

இதையே ராஜா செய்தால் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் 1636இல் முடித்த மகாலுக்குச் செங்கல் அறுக்க மண்ணெடுத்த பள்ளத்தையே வண்டியூர் தெப்பக்குளமாக ஆக்கினார் என்பது மதுரையில் எல்லோரும் சொல்லுகிற செய்தி. முக்குறுணிப் பிள்ளையார் கிடைத்ததும் அந்தப் பள்ளத்தில்தான் என்பார்கள். வைகையிலிருந்து கால்வாய் போட்டு அதற்குத் தண்ணீர் வந்தது. எடுத்த மண்ணுக்கு ஒரு விலாசம் இருந்தது. மகாலைக் காட்டி, அதன் பள்ளம் எங்கே என்று கேட்டால், இன்றைக்கும் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விட்டுவிடுவார்.

இதற்கு நேர் எதிரான கதையும் மதுரையிலேயே உண்டு. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். மேடு பள்ளத்துக்குள் போனது, ரெண்டும் இல்லாமல் சமதரையானது. வெளி வீதிகள் அப்படி வந்தவை. ஊர் விரிவதற்கு இடம் கிடைத்தது, நானும் அந்த வீதிகளில் நடந்து காபி குடித்தவன்தான். ஆனால் மேட்டையும் பள்ளத்தையும் சேர்த்து ஒழித்துவிட்டால், அதுவரைக்கும் பள்ளத்துக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் எங்காவது போக வேண்டுமே. அந்தக் கேள்வி எங்கள் ஊர்ப்பக்கத்தில் 2000க்குப் பிறகு பிளாட் பிளாட்டாக வந்து சேர்ந்தது.

*

அப்பத்தா கேஸ் போட மாட்டார் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் போட்டால் என்ன ஆகும் என்று பார்க்கத் தொடங்கினேன். தப்பு செய்தவனுக்குச் சட்டம் படிக்க நல்ல ஆர்வம் வரும்.

இந்த வழக்கு மிகப் பழையது. கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் ரோமானியர்கள் பன்னிரண்டு பலகைகளில் எழுதிய சட்டத்திலேயே, பக்கத்து நிலத்துக்காரன் திருப்பிவிட்ட மழைநீருக்கு எதிராக ஒரு வழக்கு இருக்கிறது. 533இல் ஜஸ்டினியன் தொகுக்கச் செய்த சட்டத் திரட்டில் இதற்கென்றே ஒரு தலைப்பு ஒதுக்கியிருக்கிறார்கள். அவர்களுடைய அளவுகோல் எளிமையானது. தண்ணீர் தானாக வந்ததா, மனுசன் கைவைத்ததால் வந்ததா? தானாக வந்தால் பள்ளத்துக்காரன் பொறுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மேட்டு நிலத்தின் கொழுப்பும் அவனுக்குத்தான் இறங்கி வருகிறது. கைவைத்ததால் வந்தால், கைவைத்தவன் அதைப் பழையபடி ஆக்கித் தர வேண்டும்.

இதே நியாயம் 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. முதலில் சென்னை மாகாணத்திலும் மத்திய மாகாணங்களிலும் குடகிலும் மட்டும்தான் அமலுக்கு வந்தது, ஆகவே திருமங்கலத்துக்கு அது முதல் நாளிலிருந்தே சொந்தம். அதன் ஏழாவது பிரிவில் நில உடைமையோடு கூடப்பிறந்த உரிமைகளுக்கு உதாரணங்கள் வருகின்றன. அதில் ஒன்று: மேட்டு நிலத்தில் விழுகிற மழை, வாய்க்கால் எதிலும் சேராமல் இயல்பாகத் தாழ்நிலத்துக்கு ஓடினால், தாழ்நிலத்துக்காரர் அதை ஓட விட வேண்டும். அது மேட்டுக்காரரின் உரிமை.

இதைப் படித்ததும் முதலில் எனக்குச் சந்தோஷம். நான்தானே மேட்டில் இருக்கிறேன்? அப்புறம்தான் உறைத்தது. நான் மேட்டுக்காரனே இல்லை. ஓரடி மேட்டில் இருந்தது அப்பத்தாவின் வீடு. அவருடைய தண்ணீர் என் பள்ளத்துக்கு வருவதுதான் இயல்பு. 22 நடை கிராவலில் நான் அந்த இயல்பைத் தலைகீழாக்கிவிட்டேன். அவருடைய தண்ணீருக்கு வழியை அடைத்துவிட்டு, என் தண்ணீரையும் அவர் பக்கம் அனுப்பியிருக்கிறேன். சட்டப்படி பார்த்தாலும், அந்தச் சேற்றுக்கு முன்னால் நின்று பார்த்தாலும், நான் பள்ளத்துக்காரன்தான்.

இங்கிலாந்தில் இதற்குக் கொஞ்சம் முன்னால், 1868இல், பிரபுக்கள் சபை ரைலண்ட்ஸ் – பிளெட்சர் வழக்கில் இன்னும் கடுமையாகச் சொன்னது. ரைலண்ட்ஸ் தன் மில்லுக்கு ஒரு நீர்த்தேக்கம் கட்ட, தண்ணீர் பழைய சுரங்கக் குழிகள் வழியாக இறங்கிப் பக்கத்துக்காரரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. இயல்பாக இல்லாத ஒன்றை உன் நிலத்தில் கொண்டுவந்து சேர்த்தால், அது தப்பிப் போய்ச் செய்கிற சேதம் உன் தலையில் என்பது தீர்ப்பு. கவனக்குறைவை நிரூபிக்கக்கூட வேண்டியதில்லை.

இந்தத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்தது யார் என்றால், மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. கார்வேட்டிநகரம் ஜமீனில் இருந்த ஏரிகள் பெருமழையில் உடைந்து ரயில் பாதையைச் சேதப்படுத்திவிட்டன. ஜமீன்தார் நட்டஈடு தர வேண்டும் என்று கம்பெனி வழக்குப் போட்டது. 1874இல் லண்டன் பிரிவி கவுன்சில் மறுத்துவிட்டது. இந்த நாட்டில் ஏரி தனி ஆளின் ஆசைக்காகக் கட்டியது கிடையாது, அது தொன்றுதொட்டு வரும் பாசன ஏற்பாடு, அதைக் காப்பது ஜமீன்தாருக்கு உரிமை மட்டுமில்லை, கடமையும்கூட. கவனக்குறைவு இல்லாதபோது அவரைக் குற்றம் சொல்ல முடியாது என்றது. வெள்ளைக்கார நீதிபதிகள் ஏரியை ரைலண்ட்ஸின் தொட்டியிலிருந்து பிரித்துப் பார்த்த இந்த இடம் எனக்குப் பிடித்திருக்கிறது. எல்லோருக்கும் கடமையாக இருக்கிற தண்ணீருக்கு ஒரு நியாயம், ஒருத்தன் தன் சௌகரியத்துக்குக் கொண்டுவந்து கொட்டியதற்கு வேறு நியாயம். என் கிராவல் எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல வக்கீல் வேண்டாம்.

(ஒருவேளை வழக்கு வளர்ந்து மேல்முறையீடு வரை போனால், அதைக் கேட்கப்போவது உயர்நீதிமன்ற மதுரைக் கிளை. 2004 ஜூலையில் திறந்த அந்த வளாகம் உலகனேரிக் கண்மாய் இருந்த இடத்தில் நிற்கிறது. நான் வேறொன்றும் சொல்லவில்லை.)

*

மதுரைக்காரர்களுக்கு மண்ணைப் பற்றி ஒரு கதை தெரியும், ரோம் வரை போக வேண்டியதில்லை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடலில் வரும் பிட்டுக்கு மண் சுமந்த படலம். வைகை பெருக்கெடுத்துக் கரை உடைகிறது. பாண்டியன் கரையை வீட்டுக்கு இத்தனை கோல் என்று பங்கு பிரித்து, வீட்டுக்கொரு ஆள் வந்து அடைக்கச் சொல்கிறான். ஆள் இல்லாத கிழவி வந்திக்கு சொக்கநாதரே கூலியாளாக வருகிறார், உதிர்ந்த பிட்டு கூலி. வேலை செய்யாமல் படுத்துத் தூங்கியவரை ராஜா பிரம்பால் அடிக்க, அடி எல்லோர் முதுகிலும் விழுகிறது. ஆவணி மூலத்தில் புட்டுத்தோப்பில் இன்றும் திருவிழா.

சின்ன வயதில் எனக்கு இதில் பிரம்படிதான் பெரிய விசயம். இப்போது வேறொன்று கண்ணில் படுகிறது. வந்தி ஏழை, தனியாள், கிழவி. அப்படியும் அவளுக்குப் பங்கிலிருந்து விலக்கு இல்லை. கரைக்கு ஒரு பங்கு மண் ஒவ்வொரு வீடும் தர வேண்டும் என்பது, கடவுளே கூலிக்கு வந்தாவது நிறைவேற்ற வேண்டிய அளவுக்குக் கறாரான கணக்காக இருந்திருக்கிறது.

அந்தக் கணக்குக்குப் பேர் குடிமராமத்து. அதைச் சட்டமாக எழுதியபோது வெள்ளைக்காரர்கள் கையிலும் ஒரு பிரம்பு இருந்தது. சென்னை மாகாணத்தின் 1858ஆம் ஆண்டு முதலாம் சட்டம், ஊர் வழக்கப்படி கூட்டாகச் செய்யும் பாசன, வடிகால் வேலைக்குக் காரணமில்லாமல் வராதவர் தன் பங்கு வேலையின் மதிப்பைப் போல இரண்டு மடங்கு கட்ட வேண்டும் என்றது. இந்த வழக்கத்தை வெறும் பொற்காலமாகப் பேசுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. கரையில் மண் சுமந்தவர்கள் யார், நிழலில் நின்று எண்ணியவர்கள் யார் என்பதில் சாதி இருந்தது. வந்திக்குக் கடவுள் வந்தார், மற்றவர்களுக்கு யாரும் வரவில்லை. 2017இல் அரசு இந்தப் பேரை மறுபடி எடுத்துத் திட்டம் போட்டபோது, ஊர்க்காரர்களின் பங்கு எவ்வளவு, மெஷினின் பங்கு எவ்வளவு என்பதும் ஊருக்கு ஊர் வேறுபட்டது.

என்றாலும் ஒரு விசயத்தை ஒதுக்க முடியவில்லை. அன்றைக்கு மண் வீட்டிலிருந்து கரைக்குப் போனது. இன்றைக்கு எதிர்த்திசை. கண்மாய் உள்வாயிலிருந்து சவுடும், மேட்டு நிலங்களிலிருந்து கிராவலும் டிப்பரில் ஏறி மனைக்கு வருகின்றன. ஒரு மழையில் அதில் ஒரு பங்கு திரும்பக் கண்மாய்க்கே போகிறது. போகிற மண் கரைக்குப் போய்ச் சேர்ந்தால் பரவாயில்லை. மணல் வரத்துக்காலில் தங்கி அதை அடைக்கிறது, களி கண்மாயின் வயிற்றில் படிகிறது. திருமங்கலத்தை ஒட்டி ஓடும் குண்டாறு பெரிய ஆறில்லை, மழை ஆறு. அதை நம்பி, ஒரு கண்மாயின் மறுகால் தண்ணீர் அடுத்த கண்மாய்க்கு என்று கமுதி வரைக்கும் சங்கிலி போகிறது. இங்கே ஒரு முழம் தூர்ந்தால் கீழே எவனுக்கோ ஒரு போகம் குறையும்.

*

இந்தத் திசை எப்போது மாறியது என்று ஒரு தேதி சொல்ல முடியாது. 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் போனபோது, வயக்காட்டுக்குக் குறுக்கே முதல்முறையாக ஒரு நீளமான மேடு வந்தது. தண்ணீர் அதற்குப் பிறகு பாலம் இருக்கிற இடத்தில்தான் கடக்க முடிந்தது. அதே வருசம் தாது வருசப் பஞ்சமும் வந்ததால் தண்ணீர் வராததுதான் அன்றைய பேச்சு. அப்புறம் தார் ரோடு, அப்புறம் நாலுவழிச் சாலை. ரோட்டைப் பெயர்க்காமல் மேலே மேலே தார் போட்டதில் ரோடு வளர்ந்தது, ரோட்டுக்குப் பயந்து வீட்டின் பேஸ்மட்டம் வளர்ந்தது, அந்த பேஸ்மட்டத்துக்குப் பயந்து அடுத்த வீட்டின் பேஸ்மட்டம். பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் கடிதமே எழுத வேண்டியிருந்தது.

நடுவில் பிளாட்டுகள். 2016 செப்டம்பர் 9ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியத் தடை போட்டது. அந்தச் சில மாதங்களில் எங்கள் பக்கம் டீக்கடையில் வேறு பேச்சே இல்லை (இடைத்தேர்தல் ஃபார்முலாவுக்கு அப்புறம் திருமங்கலத்தில் அவ்வளவு பேசப்பட்ட விசயம் அதுதான்). 2017இல் வரன்முறை விதிகள் வந்தன, 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைகளுக்குக் கட்டணம் கட்டி வழி கிடைத்தது. என் மனையும் அப்படி வந்ததுதான். என் கையில் இருக்கிற ஆணையில் அளவு இருக்கிறது, ரோட்டு அகலம் இருக்கிறது, கட்டிய பணம் இருக்கிறது. எது மேடு, எது பள்ளம் என்பது இல்லை.

அதற்கு முந்தைய காகிதங்களிலும் இல்லை. புலப்படத்தில் கோடுகளும் நீளங்களும் மட்டும்தான். அ பதிவேட்டில் மண் வயணமும் ரகமும் என்று ஒரு கலமே உண்டு, தரம் உண்டு, தீர்வை உண்டு. வரி போடத் தேவையானதை எல்லாம் எழுதிவைத்தார்கள். தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கு வரி இல்லாததால் அதை எழுதவில்லை. அது அப்பத்தா மாதிரி ஆட்களின் ஞாபகத்தில் இருந்தது.

2003இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, அது மொட்டைமாடியில் விழுந்த தண்ணீரை நினைத்தது. வீடு முடிந்த பிறகான தண்ணீர் அது. வானம் தோண்டியதிலிருந்து சுவர் பூசும் வரை, மனை திறந்த புண்ணாகக் கிடக்கிற ஆறேழு மாசம் யார் கணக்கிலும் வருவதில்லை. அமெரிக்காவில் ஒரு ஏக்கரோ அதற்கு மேலோ மண்ணைக் கிளறினால், சேறு வெளியே போகாமல் பார்ப்பதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். என் ஐந்து சென்ட் அங்கேயும் தப்பித்திருக்கும்.

*

பிறகு செய்த வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீடு கட்டப் போகிற யாருக்காவது உதவலாம்.

முதலில் நானும் ரெண்டு சித்தாள்களும் மூன்று நாள் அப்பத்தா முற்றத்துச் சேற்றை அள்ளினோம். அடுத்து, அவர் எல்லையை ஒட்டி நாலடி அகலத்துக்கு நான் கொட்டிய மண்ணை எடுத்துப் பழைய தரைக்கு இறக்கினோம். அந்த நாலடி என் படுக்கையறையிலிருந்து போனது, வீட்டில் அதற்காக நடந்த பேச்சை இங்கே எழுத முடியாது. இறக்கிய இடத்தில் ஓடையைப் பார்த்துச் சரிவு கொடுத்து கருங்கல் ஜல்லி பரப்பினோம். இப்போது அவர் தண்ணீரும் என் தண்ணீரும் அதில்தான் ஓடுகிறது. மேட்டின் விளிம்புக்குச் சிமெண்டு இல்லாமல் கல் அடுக்கினோம், தண்ணீர் கசிந்து வரும், மண் வராது. மிச்ச மண்ணை அரையடி அரையடியாகத் தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்கினார்கள். வானத்து மண்ணை விளிம்பிலிருந்து நடுவுக்கு மாற்றித் தார்ப்பாய் போட்டோம். சரிவில் வைக்கோல் பரப்பி, கீழே வரிசையாக வெட்டிவேர் நட்டோம். வெட்டிவேரை மண்ணரிப்புக்கு மருந்தென்று 1980களில் உலக வங்கிக்காரர்கள் ஊர் ஊராகச் சொன்னார்கள். கர்நாடகத்து விவசாயிகள் அதை ஏற்கெனவே வரப்புகளில் வைத்திருந்தார்கள்.

ஓடைக்கு முன்னால் ஒரு மூலையில் நாலடிக்கு நாலடி, ஆழம் நாலடி என்று ஒரு குழி. சேறு அதில் தங்கித் தெளிந்த தண்ணீர் மேலே போக வேண்டும். இது பெரிய தீர்வு என்று நான் ஏமாறவில்லை. 2024 அக்டோபர் 25ஆம் தேதி மதுரையில் பதினைந்து நிமிசத்தில் 4.5 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதே மழை என் ஐந்து சென்ட்டில் விழுந்தால் ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் வரும். இந்தக் குழி மூன்று நிமிசத்தில் நிரம்பிவிடும். அப்பத்தாவின் பழைய குட்டையாக இருந்தால் அவ்வளவையும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கும்.

கார்த்திகையில் மறுபடி நல்ல மழை. இந்த முறை முற்றத்தில் சேறு இல்லை. மழை விட்ட நாலாம் நாள் அப்பத்தா ஒரு இரும்புச் சட்டியோடு வந்து, குழிக்கு அருகில் குந்தி உட்கார்ந்து, அடியில் படிந்திருந்த வண்டலைத் தொட்டு உருட்டிப் பார்த்தார்.

"இத எடுத்துக்கிடவா?"

"எடுத்துக்கங்க அப்பத்தா, எல்லாத்தையுமே எடுத்துக்கங்க."

"எல்லாம் எனக்கெதுக்கு? ரெண்டு சட்டி போதும். சுவரு அடியில அரிச்சுப்போச்சு, பூசணும்."

கூளமும் சாணியும் கலந்து அன்றைக்கே பூசிவிட்டார். அது எந்த ஊர் மண் என்று அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது. சாம்பல் நிறச் சுவரில் தரையை ஒட்டி ஒரு முழ உயரத்துக்கு அந்த இடம் மட்டும் சிவப்பாக இருக்கிறது.